தொண்டை வலியில் தொடங்கி நுரையீரல் வரை பரவிய தொற்று: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் 19 வயது மகனுக்குச் சாதாரணத் தொண்டை வலியாகத் தொடங்கியது, பத்தே நாள்களில் கழுத்து இரத்தக்குழாயில் உறைகட்டியாகி, அங்கிருந்து சிதறிய கிருமித் துணுக்குகள் இரு நுரையீரல்களிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் நிலைக்கு வந்துவிட்டது. இரத்தக் கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வளர்ந்திருப்பதால், 1936-இல் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே லெமியேர் விவரித்த அரிய நோய் இது என்கிறார்கள். ஆன்டிபயாடிக் ஊசி தொடர்கிறது. நெஞ்சில் குழாய் வைத்துச் சீழை வடிக்கிறார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இந்நோய்க்கு அவசியமா என்பதில் மருத்துவ உலகிலேயே ஒருமித்த கருத்து இல்லையாம். எங்களை மிகவும் கலங்கவைப்பது இதுதான்.

உங்கள் குடும்பத்தில் எவரேனும் இந்நிலையிலிருந்து மீண்டிருந்தால், அம்மருந்து தரப்பட்டதா, குழாயை எப்போது எடுத்தார்கள், மூச்சுத்திறன் முழுமையாகத் திரும்பியதா என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். இரண்டாவது கருத்துக் கேட்கத் தொற்றுநோய் நிபுணர் எவரையேனும் அறிந்திருந்தாலும் தெரிவியுங்கள்.