டிஎன்ஏ லேப்ல இன்னும் மனசுல நிக்கிற அனுபவம் இருந்தா சொல்லுங்க

மூணாவது பெஞ்ச்:
ஸ்ட்ராபெரி டிஎன்ஏ எல்லாரும் பண்ணிருப்பீங்க, அதனால நசுக்குனது, சோப்பு, உப்பு, வடிகட்டுனது எல்லாத்தையும் விட்டுடறேன். ஃப்ரீசர்ல வச்ச எத்தனாலை ட்யூப் ஓரமா மெல்ல விட்டதும் ரெண்டு லேயருக்கு நடுவுல வெள்ளையா சளி மாதிரி ஒண்ணு எழும்பிச்சு பாருங்க, குச்சிய விட்டு சுத்துனா சுருண்டு வருது. பக்கத்துல நின்னவ "இதுல எங்கடா டபுள் ஹீலிக்ஸ், புக்ல வர்ற முறுக்குன ஏணி?"னு கேட்டா. மேடம் சிரிச்சுட்டு அடுத்த டேபிளுக்குப் போயிட்டாங்க. இன்னிக்கும் உறுத்துது.

ஜெல் பைத்தியம்:
டபுள் ஹீலிக்ஸ் அகலமே 2 நானோமீட்டர்தாங்க, வெறுங்கண்ணுக்கு எப்படி தெரியும்? நீங்க சுத்துனது எக்கச்சக்க இழைங்க ஒண்ணா திரண்டது, அதுலயும் ஆர்என்ஏ, புரோட்டீன், பெக்டின்னு கண்டதும் கலந்திருக்கும். சரி என் கதை, ஜெல்லுக்குள்ள கரண்ட் விட்டு டிஎன்ஏவை ஓட வச்சுப் பிரிக்கிற ஜெல் எலக்ட்ரோஃபோரெசிஸ். டிஎன்ஏ சாம்பிள் எல்லாம் வெல்லுக்குள்ள, அதான் ஜெல்லோட ஓரத்துக் குழிக்குள்ள, அழகா எறங்கிச்சு, கரண்ட் குடுத்தாச்சு, எலக்ட்ரோட்ல குமிழி வருது, எல்லாரும் வெளிய போயிட்டாங்க. நான் மட்டும் குனிஞ்சு பாத்துட்டே இருக்கேன், சாம்பிள்ல கலந்த சாயத்தோட நீலக் கோடு ஜெல்லுக்குள்ள போகாம பின்பக்கம் நகருது! லேப் அசிஸ்டென்ட் வயரை மாத்திக் குத்திருக்காரு. டிஎன்ஏ நெகடிவ் சார்ஜ், பாசிடிவ் வயர் இருக்கிற சிவப்பு பக்கம்தானே ஓடும், வெல் நெகடிவ் வயர் இருக்கிற கருப்பு பக்கம் இருக்கணும்ல. நான் கத்துறதுக்குள்ள சுத்தி இருந்த பஃபர் கரைசல்ல கரைஞ்சே போச்சு. ரெக்கார்டுல "பேண்ட் (டிஎன்ஏ கோடு) தெரியவில்லை"ன்னு மட்டும் எழுதச் சொன்னாங்க, காரணம் எழுதக் கூடாதாம்!

அகர் பிளேட்:
பேண்ட் வரலன்னாலும் அது ஒரு ரிசல்ட்தான், இவ்வளவு கோவம் எதுக்கு. நாங்க பண்ணது ஜெல்லிமீனோட ஜிஎஃப்பி, அதான் பச்சையா ஒளிர்ற புரோட்டீன், அதோட ஜீனை பிளாஸ்மிட்ங்கிற வட்ட டிஎன்ஏல வச்சு ஈகோலை பாக்டீரியாவுக்குள்ள ஏத்துறது. லைட்டை அணைச்சு யூவி அடிச்சா ஒரு பிளேட் பச்சையா மின்னுது, இன்னொண்ணுல அதே பிளாஸ்மிட், அதே ஆம்பிசிலின் (பிளாஸ்மிட் வாங்காத பாக்டீரியாவை வளர விடாத ஆன்டிபயாடிக்), காலனியும் இருக்கு, ஆனா வெறும் வெள்ளை. வெள்ளை பிளேட்ல அராபினோஸ் சர்க்கரை போடல, அது இருந்தாதான் ஜீன் ஆன் ஆகும்னு புக்ல படிச்சது அப்பதான் உள்ள போச்சு.
இனிமே பண்றவங்களுக்கு சொல்றேன், பிளாஸ்மிட்டை உள்ள நுழைக்கிற ஹீட் ஷாக்ல, ட்யூபை ஐஸ்ல இருந்து நேரா 42 டிகிரி தண்ணி, 50 செகண்ட், உடனே திரும்ப ஐஸ், நடுவுல பேச்சு வேணாம், ட்யூபோட அடி தண்ணியத் தொடுதான்னு பாருங்க, ரேக்ல தூக்கிட்டு நின்னா சூடே ஏறாது. பிளேட்ல பேரை மூடியில எழுதாதீங்க, மூடி மாறிடும், அடிப்பக்கம் எழுதுங்க. பிளேட்டைக் கவுத்து வைங்க. ரொம்ப நாள் விட்டா பெரிய காலனியைச் சுத்தி குட்டி குட்டியா மொளைக்கும், அது பிளாஸ்மிட் வாங்குனதுனு எண்ணிடாதீங்க, பெரிசு ஆம்பிசிலினை அழிச்ச எடத்துல சும்மா வளர்ந்தது அது. யூவி அடிக்கும்போது கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஜெல் பைத்தியம்:
இங்க யாரு டிப்ஸ் கேட்டா? டிஎன்ஏ ஜெல்லுக்குள்ளயே நுழையலங்கிறேன், அதுல என்ன ரிசல்ட்டைக் கண்டீங்க நீங்க?