மறு: "ட்விஸ்ட்" ஒன்று, வேலை இரண்டு – முறுக்குக்கண்ணி, மாறுகண்ணி

> ட்விஸ்டட் ஸ்டிட்ச் = முறுக்குத் தையல்
> கேபிள் ஸ்டிட்ச் = வடத் தையல்

வணக்கம். ஊசிப் பின்னல் (நிட்டிங்) கலைச்சொற் பட்டியலுக்கு நீங்கள் முன்வைத்த, மேலே உள்ள இரு சொற்களைப் பற்றி எழுதுகிறேன்.

'தையல்' வேண்டாம். இருக்கிற துணியில் ஊசியைக் குத்தி நூலை இழுப்பதுதான் தையல். ஊசிப் பின்னலில் வளையம் வளையமாகத் துணியே உருவாகிறது. வலைக்குச் சொல்லும் 'கண்ணி' இதற்கு அப்படியே பொருந்தும்.

'முறுக்கு' நல்ல சொல்தான். ஆனால் ஆங்கிலக் குறிப்புகளில் 'ட்விஸ்ட்' இரண்டு வேலைகளைக் குறிக்கிறது.

ஒன்று, ஒரே கண்ணியின் முன்காலை (வளையத்தில் ஊசிக்கு முன்னால் நிற்கும் பாதியை) விட்டுப் பின்காலில் ஊசியை நுழைத்துப் பின்னுவது. கண்ணியின் இரு கால்களும் அடியில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும். கண்ணி இறுகி, எடுப்பாக நிற்கும். பவேரியாவிலும் ஆஸ்திரியாவின் ஸ்டீரியாவிலும் முழங்கால் காலுறைகளில் காணும் புடைப்புக் கோடுகள் இப்படி வருபவை. பர்ல் தளத்தின்மேல் (சாதாரணப் பின்னலின் மேடுமேடான மறுபக்கத்தின்மேல்) அவை தெளிவாகத் தெரியும்.

மற்றொன்று, பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகள் இரண்டு இடம் மாறுவது. இதில் எந்தக் கண்ணியும் தன்னளவில் முறுக வேண்டியதில்லை.

முதலாவதற்கு முறுக்குக்கண்ணி, இரண்டாவதற்கு மாறுகண்ணி என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

அன்புடன்

----

> இரண்டாவதற்கு மாறுகண்ணி

பிரித்தது மிகச் சரி. ஆனால் 'மாறுகண்' என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கண்பார்வைக் கோளாறு. பிரித்து எழுதினாலும் அந்தப் பொருள் போகாது. தவிர, இடம் மாறியது என்பதைத்தான் அச்சொல் சொல்கிறது. எது மேலே போனது என்று சொல்லவில்லை. பின்னுகிறவருக்கு வேண்டியது அதுதான்.

'தாண்டுகண்ணி' என்று வைத்துப் பாருங்கள். மேலே தாண்டும் கண்ணி வலப்பக்கம் சாய்ந்தால் வலத்தாண்டல், இடப்பக்கம் சாய்ந்தால் இடத்தாண்டல். குறிப்பு எழுதிச் சோதிப்போம்:

வலத்தாண்டல்: இடது ஊசியின் முதல் இரு கண்ணிகளையும் சேர்த்து ஒன்றாகப் பின்னவும், கழற்ற வேண்டாம். முதற்கண்ணியில் மட்டும் மறுபடி ஊசியை விட்டுப் பின்னி, இரண்டையும் ஒருசேரக் கழற்றவும்.

இடத்தாண்டல்: வலது ஊசியைத் துணிக்குப் பின்னால் கொண்டுபோய், இரண்டாம் கண்ணியைப் பின்காலில் பின்னவும், கழற்ற வேண்டாம். பிறகு முதற்கண்ணியை வழக்கம்போல் முன்பக்கம் பின்னி, இரண்டையும் கழற்றவும்.

இரண்டுக்கும் பின்னல் ஊசி இரண்டு போதும், வேறு கருவி தேவையில்லை. குறிப்பில் சொல் எங்கும் இடறவில்லை என்றே நினைக்கிறேன்.

----

> தாண்டுகண்ணி

ஏற்கிறேன். மீதி இருப்பது 'கேபிள்' (கண்ணிகள் கூட்டமாகத் தாண்டிக் கயிறுபோல் தெரியும் பின்னல்). ஜெர்மனில் அதற்கு 'ட்சோப்ஃப்', அதாவது சடை. ஜப்பானியர் கயிற்றுப் பின்னல் என்கிறார்கள். நமக்கு இரண்டு சொல்லும் இருப்பதால் இரண்டையும் பயன்படுத்தலாம்: இரு புரி மாறி மாறித் தாண்டினால் வடம், மூன்று புரி வந்தால் சடை. 'வடத் தையல்' என்பதை 'வடப்பின்னல்' என்று திருத்திக்கொள்வோம்.

வடத்துக்குப் பயன்படும் குட்டையான மூன்றாவது ஊசி துணையூசி. அது இல்லாமலும் நாற்கண்ணி வடம் போடலாம். இடத்தாண்டலுக்கு, வலது ஊசியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் 3, 4ஆம் கண்ணிகளில் நுழைக்கவும். நான்கையும் இடது ஊசியிலிருந்து கழற்றவும். 1, 2 முன்னால் ஊசியின்றி நிற்கும். உடனே இடது ஊசியால் அவற்றை முன்பக்கம் பிடிக்கவும். வலது ஊசியில் உள்ள 3, 4ஐ இடது ஊசிக்குத் திருப்பி ஏற்றி, நான்கையும் வரிசையாகப் பின்னவும். வலத்தாண்டலுக்கு வலது ஊசி முன்பக்கமாகப் போகும், 1, 2 பின்னால் நிற்கும். அவ்வளவே வேறுபாடு.

ஊசியின்றி நிற்கும் அந்த இரு கண்ணிகளில்தான் பிழை வரும். கம்பளி நூலுக்குச் சொரசொரப்பு உண்டு. கண்ணி நின்ற இடத்தில் நிற்கும். பருத்தி, மூங்கில் நூல்கள் வழுக்கும். கண்ணி கீழ்வரிசைக்கு இறங்கிவிடும். அவற்றுக்கும், ஆறு கண்ணிக்கு மேற்பட்ட வடத்துக்கும் துணையூசியே நல்லது. கழற்றும்போது கண்ணிகளின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது வலக்கால் ஊசிக்கு முன்னால் இருக்கிறதா என்று பார்க்கவும். பின்னால் போயிருந்தால், அப்படியே முன்காலில் பின்னும்போது முறுக்குக்கண்ணி ஆகிவிடும். வழவழப்பான வடத்தில் அந்த ஒரு கண்ணி மட்டும் இறுகித் தெரியும். இரு சொற்களைப் பிரித்ததன் பயன் இங்கே உடனே கிடைக்கிறது: "தாண்டல் சரி, கண்ணி முறுகிவிட்டது" என்று பிழையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

துணையூசி இல்லாத முறைக்குத் தனிக் கலைச்சொல் வேண்டாம். துணியில் விளைவு ஒன்றேதான். 'துணையூசியின்றி' என்ற அடைமொழி போதும்.

பட்டியலில் ஒரு குறிப்பும் சேர்க்கவேண்டும்: தாண்டல் துணியை அகலவாக்கில் சுருக்கும். சாதாரணப் பின்னலுக்குக் கணக்கிட்ட கண்ணி எண்ணிக்கையை வடத்துக்கு அப்படியே எடுத்தால் சட்டை இறுகிவிடும். மாதிரித் துண்டையும் வடத்தோடு பின்னித்தான் அளக்க வேண்டும்.