ஏரியால புதுசா வந்த இட்டாலியன் ரெஸ்டாரன்ட் – போனவங்க அனுபவம் சொல்லுங்க

வடவள்ளி வாசி

கோயம்புத்தூர் வடவள்ளில மருதமலை ரோட்டுக்கு உள்பக்கம் ஒரு பழைய வீட்டையே மாத்தி இட்டாலியன் ரெஸ்டாரன்ட் ஓப்பன் பண்ணிருக்காங்க, போன வாரம் குடும்பத்தோட போயிட்டு வந்தோம். பேரு போடல, விளம்பரம் மாதிரி ஆயிரும். ஆனா அங்க தெரிஞ்சுகிட்ட சில விஷயம் எந்த ஊர்ல எந்த இட்டாலியன் கடைக்குப் போனாலும் உதவும்னு தோணுச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல எனக்குப் பிடிச்சது மெனு. ஒரே ஒரு அட்டை, அவ்வளவுதான். பாஸ்தா ஒரு ஏழெட்டு, பீட்சா அஞ்சாறு, ஒரு ரிசோட்டோ (அரிசில கிளறிப் பண்றது), ரெண்டு ஸ்வீட். நூடுல்ஸ், மோமோ, கோபி மஞ்சூரியன், பாஸ்தா எல்லாம் ஒரே புக்குல பத்து பக்கத்துக்குப் போட்டிருக்கற இடத்துல பாஸ்தா நல்லா வந்து நான் பார்த்ததே இல்ல, எல்லாம் முன்னாடியே வேகவச்சு ஃப்ரிட்ஜுல கிடக்கும், ஆர்டர் வந்ததும் சாஸ்ல போட்டு சூடு பண்ணிக் குடுப்பாங்க. சின்ன மெனுன்னா அன்னன்னிக்குப் பண்றாங்கன்னு ஓரளவு நம்பலாம்.

எங்க கூட அத்தை வந்திருந்தாங்க, மாமியாருங்க, சுத்த சைவம், முட்டை கூட சேர்த்துக்க மாட்டாங்க. அவங்கள இந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா எல்லாரும் யோசிப்பாங்க, வீட்லயே விட்டுட்டுப் போயிடுவாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. ஆர்டர் எடுக்க வந்த பையன்கிட்ட முட்டை, சீஸ் எல்லாம் கேட்டதும் அவன் உள்ள போய் சமைக்கறவரையே கூட்டிட்டு வந்துட்டான். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், க்ரூஸ் கப்பல்ல இட்டாலியன் கிச்சன்ல ரொம்ப வருஷம் வேலை பாத்துட்டு ஊருக்கே திரும்பி வந்துட்டவராம்.

அத்தை நேரா கேட்டாங்க, "ஏங்கண்ணு, இந்த சேமியால முட்டை போட்டிருக்கறீங்களா?"

"இல்லீங்ம்மா, இந்தக் காஞ்ச பாஸ்தா எல்லாம் டியூரம்னு ஒரு கெட்டிக் கோதுமையோட ரவையும் தண்ணியும் மட்டுந்தானுங்க. முட்டை போட்டுப் பிசையறது தனியா இருக்குதுங்க, நாங்களே கையில பண்றது, அத உங்களுக்குத் தர மாட்டேனுங்க" அப்படின்னார்.

அடுத்து அவரே சொன்னதுதான் முக்கியம், சைவக்காரங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும். ஒரிஜினல் பார்மிஜானோ சீஸ் சைவம் கிடையாது. பாலைத் திரிக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னெட்டைத்தான் போடணும்னு இத்தாலில விதியே இருக்கு. கிரானா படானோவும் அப்படித்தான், பெக்கோரினோ ரொமானோல ஆட்டுக்குட்டியோடது. நம்ம ஊர்ல கிடைக்கற பச்சைப் புள்ளி போட்ட சீஸ்ல மைக்ரோப் வச்சு எடுத்த ரென்னெட் இருக்கும், அது பிரச்சனை இல்ல. அவர் ரெண்டையும் தனித்தனி டப்பால வச்சிருக்கார், துருவற கருவி கூட வேற வேற. எத்தனை பெரிய ஹோட்டல்ல "வெஜ்தான் மேடம்"னு கண்ண மூடிட்டு சொல்லிட்டுப் போயிருக்காங்க, இந்த மனுஷன் கேக்கறதுக்கு முன்னாடியே சொன்னார் பாருங்க, அங்கயே எனக்குப் பாதி வயிறு நெறஞ்சிடுச்சு.

சரி, சாப்பாட்டுக்கு வர்றேன்.

அத்தைக்கு அலியோ ஒலியோ ஸ்பகெட்டி சொன்னோம். பூண்டு, ஆலிவ் ஆயில், காஞ்ச மிளகாய், அவ்வளவுதான், சாஸ்னு ஒண்ணும் இல்ல. இதைத்தான் நான் எந்தப் புது இட்டாலியன் கடைக்குப் போனாலும் முதல்ல சொல்லுவேன், ஏன்னா இதுல ஒளிச்சு வைக்க இடமே இல்ல. பூண்டு கொஞ்சம் கருகினாலும் கசந்துரும், வேகாம விட்டா நாக்குல எரியும், எண்ணெயும் பாஸ்தாவும் ஒண்ணு சேரலன்னா தட்டுக்கு அடில எண்ணெய் தனியா நிக்கும். இங்க வந்த தட்டுல எண்ணெய் தேங்கவே இல்ல, ஒவ்வொரு இழைலயும் பளபளன்னு ஒட்டிட்டு இருந்துச்சு. பாஸ்தா வேகவச்ச தண்ணில ஸ்டார்ச் இருக்குமில்ல, அதை ஒரு கரண்டி சட்டில ஊத்தி வேகமா புரட்டினா எண்ணெயும் தண்ணியும் சேர்ந்து லேசான குழம்பு பதத்துக்கு வந்துருமாம், க்ரீம் தேவையே இல்ல. கடிச்சா நடுவுல துளி கெட்டி தெரியணும். அத்தை முதல் வாய்க்கு "வெந்துச்சா இது"ன்னு கேட்டாங்க, அப்புறம் ஒண்ணும் பேசல, தட்டு காலி.

என் பொண்ணு ஒயிட் சாஸ் பாஸ்தாதான் வேணும்னு ஒரே அடம். மெனுல இல்ல. இந்த மாதிரி இடத்துல சில பேர் ஒரு மாதிரி பார்ப்பாங்க, "வீ டோன்ட் டூ தட்"னு. இவர் அவ பக்கத்துல குனிஞ்சு, "பாப்பா, வெண்ணெய், மைதா, பாலு வச்சுப் பண்ற அந்த சாஸ் இத்தாலிலயும் இருக்குது, லசான்யா அடுக்கறப்ப போடுவாங்க, உனக்குப் பண்ணித் தர்றேன் இரு"ன்னு சொல்லிப் பண்ணிக் குடுத்தார், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை துருவிப் போட்டு. குழந்தைங்ககிட்ட இப்படி நடந்துக்கற கடை நல்லா இருக்கணும், மனசாரச் சொல்றேன்.

பீட்சா விறகு அடுப்பு. இத்தாலில நாப்போலி ஊர் ஸ்டைல்னா அடுப்பு 430 டிகிரி செல்சியஸுக்கு மேல இருக்கணும், உள்ள போன பீட்சா 60ல இருந்து 90 செகண்டுல வெளிய வந்துரணும், அவ்வளவு வேகம். மாவுல மைதா, தண்ணி, உப்பு, ஈஸ்ட் நாலுதான், நம்ம இட்லி மாவு மாதிரி ராத்திரி பூரா புளிக்க விட்டுத்தான் எடுக்கறாங்க. மார்கரிட்டா சொன்னோம், தக்காளி, மொசரெல்லா, பேசில் இலை. ஓரம் உப்பி அங்கங்க கருப்புப் புள்ளி, நடு ரொம்ப மெல்லிசு, ஈரமா கூட இருக்கும். பக்கத்து டேபிள்ல ஒருத்தர் "கருகிடுச்சு, மாத்திக் குடுங்க"ன்னு சத்தம் போட்டார், அது கருகல் இல்ல, அந்தச் சூட்டுக்கு அப்படித்தான் வரும். இந்த பீட்சா போடற கலைய 2017ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்லயே சேர்த்தாங்க. கெட்டியா, மொறுமொறுன்னு, சீஸ் ஒரு இஞ்சுக்கு வேணும்னு நெனச்சுட்டுப் போனா ஏமாத்தமா இருக்கும், அத முதல்லயே தெரிஞ்சுட்டுப் போங்க. கெட்ச்அப் வைக்கல, கேட்டதுக்கு மிளகாய் ஊறப் போட்ட எண்ணெய் குடுத்தாங்க, அது பிரமாதம்.

அந்த பேசில் இலைய மோந்து பார்த்துட்டு அத்தை சொன்னாங்க, "இது நம்ம திருநீத்துப்பச்சிலை, எங்க ஊர்ல வேலியோரமா கிடக்கும், மாரியம்மன் கோயிலுக்குக் கட்டிட்டுப் போவோம்". உண்மைதான், அதே செடி இனந்தான், சர்பத்துல போடற சப்ஜா விதை இதோடதுதான். இத்தாலில வளர்க்கற ரகத்துல இலை பெருசு, வாசம் கொஞ்சம் இனிப்பா இருக்கும். சமைக்கறவர் அதக் கேட்டுட்டு உள்ள போய் தொட்டியோட ஒரு செடிய எடுத்துட்டு வந்து அத்தைகிட்ட காமிச்சார், ரெண்டு பேரும் செடி வளர்க்கறதப் பத்தி அரை மணி நேரம் பேசினாங்க.

குறைன்னு சொல்லணும்னா ரிசோட்டோ ரொம்ப லேட். அர்போரியோ அரிசிய பச்சையா வறுத்து, ஸ்டாக், அதாவது காய் வேகவச்ச தண்ணி மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கிளறணும், அதுக்கே 18 நிமிஷம் போல ஆகும்ங்கறது சரி, ஆனா ஆர்டர் எடுக்கறப்பவே சொல்லிருக்கலாம், மத்தவங்க சாப்பிட்டு முடிச்சப்பறம்தான் வந்துச்சு. அப்பறம் உக்காந்து பேசவே முடியல, டைல்ஸ் தரை, கண்ணாடி சுவரு, சத்தம் எல்லாம் திரும்பித் திரும்பி அடிக்குது. காரை ரோட்டுல நிறுத்திட்டு நடக்கணும்.

நாலு பேருக்கு ரெண்டாயிரத்துக்குள்ள வந்துச்சு. வேற யாராச்சும் உங்க ஏரியால இப்படிப் புதுசா போயிருந்தா எழுதுங்க, நல்லதோ கெட்டதோ.

மடிப்பாக்கம் ராத்திரி ஷிப்ட்

உங்களுக்குக் கிடைச்ச மாதிரி எல்லாருக்கும் அமையாதுங்க. எங்க ஏரியால புதுசா ஒண்ணு திறந்தாங்க, இன்டீரியர் எல்லாம் அட்டகாசம், பாட்டிலு, கொடி, பழைய ஸ்கூட்டர் எல்லாம் வச்சிருந்தாங்க. கார்பனாரா பாஸ்தா சொன்னேன். ரோம்ல அத முட்டை மஞ்சக்கரு, பெக்கோரினோ, மிளகு, பன்னியோட கன்னக் கறி இதுல பண்ணுவாங்க, க்ரீமே கிடையாது, சூடான பாஸ்தாலயே முட்டை வெந்து சாஸ் ஆகணும், அடுப்புல வச்சா பொரியலாயிடும், அதான் அதுல இருக்கற வித்தை. பன்னிக்கறி நம்ம ஊர்ல எல்லா இடத்துலயும் கிடைக்காது, சிக்கன் போட்டாக் கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு வந்தது முழுக்க க்ரீம், மேல சோளம், குடமிளகா. மெனுல கார்பனாரான்னு போட்டுட்டு வேற ஒண்ணக் குடுக்கறது சரியில்ல, க்ரீம் பாஸ்தான்னு போட்டா நானே சந்தோஷமா வாங்கிச் சாப்பிடுவேன்.

அதவிடப் பெரிய விஷயம் பில்லு. 5% ஜிஎஸ்டி சரி, அதுக்கு மேல 10% சர்வீஸ் சார்ஜ்னு தானாவே போட்டிருந்தாங்க. இத எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைலயே சொல்லிட்டாங்க, சர்வீஸ் சார்ஜ பில்லுல தானா சேக்கக் கூடாது, வேற பேர்லயும் வாங்கக் கூடாதுன்னு. ஹோட்டல்காரங்க டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, 2025 மார்ச்ல கோர்ட்டும் அந்த விதி செல்லும்னு சொல்லிடுச்சு. நான் கோவப்படாம பொறுமையா சொன்னேன், மேனேஜர் எடுத்துட்டு வேற பில்லு குடுத்தார். எடுக்க மாட்டேன்னு சொன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணலாம். பரிமாறின பையனுக்கு நான் தனியா கையில குடுத்துட்டுத்தான் வந்தேன், அவன் ரொம்ப நல்லா பாத்துக்கிட்டான், அவனுக்குப் போய்ச் சேரணும்ல.

ஸ்காபரோ தமிழன்

நான் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன். எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன இத்தாலியன் கடை புதுசா திறந்திருக்கினம், மனுசியும் பிள்ளையளும் நானும் போனனாங்கள். சாப்பாடு வந்து கொஞ்ச நேரத்தில குசினிக்குள்ள இருந்து ஒருத்தர் எட்டிப் பாத்திட்டு வெளியில வந்து, "நீங்கள் தமிழோ?" எண்டு கேட்டார். யாழ்ப்பாணத்து ஆள், 90களில வந்தவராம். வுட்பிரிட்ஜ் பக்கம், அங்க இத்தாலியன் ஆக்கள் கனபேர் இருக்கினம், ஒரு கடையில கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு பாஸ்தா அடுப்புக்கு வந்து, இப்ப இந்தக் கடையில பங்குக்காரர். இங்க எங்கட ஆக்கள் எத்தினையோ பேர் இப்பிடித்தான் குசினிகளில நிண்டு பிள்ளையளைப் படிப்பிச்சவை, ஆனா தட்டு மேசைக்கு வரேக்க ஆர் சமைச்சது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு அவரைக் கண்டது பெரிய சந்தோசம், இத எழுதாமல் இருக்க ஏலாது.

அவர் எங்களுக்குச் சொல்லித் தந்த கணக்கு: ஒரு லீற்றர் தண்ணிக்கு 10 கிராம் உப்பு, 100 கிராம் பாஸ்தா. தண்ணி நல்லாக் கொதிச்ச பிறகுதான் போடவேணும், எண்ணெய் விடக்கூடாது, விட்டால் சாஸ் ஒட்டாது. வேகினாப் பிறகு குழாய்த் தண்ணியில கழுவவும் வேண்டாம், மேல இருக்கிற மா போயிடும், அதுதான் சாஸைப் பிடிக்கிறது. பெட்டியில போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிசம் முந்தி எடுத்து சாஸ் சட்டிக்குள்ள போட்டு மிச்சத்தை அங்க வேகவிடச் சொன்னார். மனுசி இப்ப வீட்டில அப்பிடித்தான் செய்யிறா, பிள்ளையள் கடைக்குப் போகக் கேக்கிறேல்லை.

பச்சைப்புள்ளி

வடவள்ளி வாசி அக்கா, ரென்னெட் விஷயம் எனக்கு இத்தனை நாள் தெரியாது, ரொம்ப நன்றி. டிராமிசுன்னு அந்த காபி ஸ்வீட் சைவமா அக்கா? பேசில் இலைய அரைச்சுப் பண்ற பெஸ்டோ சாஸ்? அடுத்த வாரம் அம்மா பொறந்தநாளுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன், அம்மாவும் முட்டை சாப்பிட மாட்டாங்க.

வடவள்ளி வாசி

பச்சைப்புள்ளி, டிராமிசுல மஸ்கர்போனே சீஸ் பிரச்சனை இல்லடா, க்ரீமை சூடு பண்ணி எலுமிச்சைப் புளிப்பு மாதிரி ஏதாவது ஒரு அமிலம் போட்டுத் திரிக்கறது, ரென்னெட் வேண்டியதில்ல. ஆனா முறையாப் பண்ணினா பச்சை முட்டை போடுவாங்க, காபில நனைச்சு அடுக்கற பிஸ்கட்லயும் முட்டை இருக்கும். இங்க முட்டை இல்லாம ஒண்ணு தனியா பண்றாங்க, அதுக்கு ஒரு நாள் முன்னாடியே போன் பண்ணிச் சொல்லணும், நம்ம ஃபில்டர் டிக்காக்ஷன்லதான் நனைக்கறாங்க, அத்தைக்கு ரொம்பப் பிடிச்சுது. பெஸ்டோ சொல்றப்ப கண்டிப்பா கேளுங்க, இத்தாலில ஜெனோவா ஊர் முறைல பார்மிஜானோ, பெக்கோரினோ ரெண்டும் சேர்ப்பாங்க. சைவ சீஸ் போட்டுத் தனியா அரைச்சுக் குடுங்கன்னா பண்ணித் தருவார். பைன் நட்ஸ் விலை அதிகங்கறதால முந்திரி போடறேன்னு அவரே சொன்னார், நட்ஸ் ஒத்துக்காதவங்க வீட்ல இருந்தா அதையும் சொல்லிடுங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேண்டாம், மருதமலைக்குப் போயிட்டு வர்ற கூட்டம் ரோட்டை அடைச்சுரும். வார நாள்ல ஏழு மணிக்கெல்லாம் போயிடுங்க, அடுப்புப் பக்கத்து டேபிளக் கேளுங்க, அம்மா பீட்சா போடறதப் பார்த்துட்டே சாப்பிடலாம்.

மடிப்பாக்கம், அந்த சர்வீஸ் சார்ஜ் தகவலுக்கு நன்றிங்க, எங்க பில்ல எடுத்துப் பார்த்தேன், இங்க போடல. ஸ்காபரோ அண்ணா, எண்ணெய் ஊத்தக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, எங்க வீட்ல எல்லாரும் ஊத்திட்டுத்தான் இருந்தோம், இன்னிக்கு ராத்திரியே ஊத்தாம வச்சுப் பாக்கறேன்.