ஆப்டிகல் ஜூமுக்கும் டிஜிட்டல் ஜூமுக்கும் ஒரே சொல் வேணாம்

> ஜூம் = உருப்பெருக்கம்
> ஆப்டிகல் ஜூம் = ஒளியியல் உருப்பெருக்கம்
> டிஜிட்டல் ஜூம் = எண்ணிம உருப்பெருக்கம்

வணக்கம் ஐயா,

இந்த மூணையும் அகராதியில ஏத்திடலாம்னு எழுதியிருந்தீங்க, அதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுக்கணும்னு கேட்டுக்கறேன். நுண்ணோக்கிக்கு உருப்பெருக்கம் சரியான சொல், பொருளைவிட பிம்பம் எத்தனை மடங்கு பெருசுங்கறதுதான் அங்க கணக்கு. கேமரா பெட்டி மேல போடற 20எக்ஸ், 40எக்ஸ் எல்லாம் வேற கணக்கு, லென்ஸோட அதிகபட்ச குவியத் தொலைவை (இது கூடக் கூட தூரத்துப் பொருள் பெருசா விழும்) குறைந்தபட்சத்தால வகுத்தா வர்ற எண். 2006ல வந்த பானசோனிக் டிஸெட்1, 35 எம்எம் ஃபிலிம் கேமரா கணக்குல 35 எம்எம்லேர்ந்து 350 எம்எம் வரைக்கும் போகும், 10எக்ஸ். 2016ல வந்த டிஸெட்100 25லேர்ந்து 250, அதுவும் 10எக்ஸ். ரெண்டுக்கும் "10 மடங்கு உருப்பெருக்கம்"னு எழுதினா ஒரே கொக்கு ரெண்டுலயும் ஒரே அளவுல விழும்னுதானே படிக்கிறவர் நினைப்பார்? உண்மையில முழுசா நீட்டினா முதல் கேமராவோட ஃபிரேம்ல அது 1.4 மடங்கு (350 ÷ 250) பெருசா நிக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் டிஜிட்டல் ஜூம். லென்ஸ்ல ஒண்ணுமே நகர்றதில்ல, சென்சார்ல விழுந்த படத்தோட நடுவை மட்டும் வெட்டி எடுத்து இல்லாத புள்ளிகளை கணக்குப் போட்டு நிரப்பி பழைய அளவுக்கு இழுத்து விடறாங்க. 20 மெகாபிக்சல் கேமராவுல 2 மடங்கு வச்சா நிஜமா பதிவானது 5 மெகாபிக்சல்தான், மிச்சம் 15ம் இட்டு நிரப்பினது. பறவையோட இறகுல இருந்த கோடு எதுவும் அதனால புதுசா வந்துடாது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல நாமளே வெட்டிக்கலாம், இந்த வேலைக்கு ஒளியியலோட சேர்த்து ஒரே பேர் எதுக்கு? ஆங்கிலத்துல வித்தவங்க அப்படி வச்சுட்டாங்கங்கறதுக்காக நாமளும் வைக்கணுமா, தமிழ்ல புதுசா பேர் வைக்கிற வாய்ப்பு நம்ம கையில இருக்கறப்ப ரெண்டு ஜூமையும் பெருக்கி கடைக்காரர் சொல்ற மொத்த எண்ணை நம்பி ஒருத்தர் ஏமாறாம இருக்கற மாதிரி வைக்கலாமே.

என் பரிந்துரை: ஆப்டிகல் ஜூம் = வில்லை அணுக்கம், டிஜிட்டல் ஜூம் = வெட்டுப்பெருக்கம். முதல் சொல்ல கேட்டாலே லென்ஸ் வேலை செய்யுதுன்னு புரியும், ரெண்டாவதுல வெட்டுறாங்கன்னு புரியும்.

கேமரா வாங்கறதுக்கு சோதிக்கிறப்பவும் இந்தப் பிரிப்பு வேணும். வேடந்தாங்கலுக்கு எடுத்துட்டுப் போக கையடக்கமா ஒண்ணு சொல்லுங்கன்னு போன வாரம் ஒரு நண்பர் கேட்டிருந்தார்ல, அவருக்கும் சேர்த்தே சொல்றேன். முதல்ல மெனுவுல போய் வெட்டுப்பெருக்கத்த அணைச்சிடுங்க, இல்லேன்னா எதை சோதிக்கிறோம்னே தெரியாது. அப்புறம் லென்ஸை முழுசா நீட்டி தூரத்துல இருக்கற பெயர்ப்பலகைய எடுங்க, வானத்துக்கு எதிர்ல தென்னங்கீத்தையும் எடுங்க, கீத்து ஓரத்துல ஊதா விளிம்பு எவ்ளோ வருதுன்னு பாருங்க. எக்ஸ் எண்ணை மட்டும் பாக்கறவங்க கோட்டை விடறது வெளிச்சத்தைத்தான். 2018ல வந்த கேனன் எஸ்எக்ஸ்740ஐ எடுத்துக்கங்க, 24லேர்ந்து 960, சட்டைப் பைக்கு கொஞ்சம் பெருசுன்னாலும் அந்த அளவுக்கு அது பெரிய சாதனைதான், ஆனா வெளிச்சம் உள்ள வர்ற துளை எஃப் 3.3ல ஆரம்பிச்சு முழு நீட்டத்துல 6.9க்கு போயிடும் (எஃப் எண் ஏற ஏற வெளிச்சம் குறையும்), அதாவது வெளிச்சம் நாலுல ஒரு பங்குக்கும் கீழ. விடியக்காலையில நத்தைகுத்தி நாரை ஏரிய விட்டு கிளம்பற நேரத்துல ஐஎஸ்ஓவ, அதாவது கேமராவோட ஒளி உணர்வு அளவை, ஏத்தித்தான் ஆகணும், சென்சார் சின்னதுங்கறதால படம் பொரிபொரியா வரும். சரி, வெயில் ஏறட்டும்னு காத்திருந்தா தண்ணி மேல சூடான காத்து அலையடிச்சு தூரத்து மரமே நெளியும், அதுக்கு லென்ஸை குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்ல. கிட்ட இருக்கற மரத்தைப் பாத்து எடுங்க. கட்டைச்சுவர் மேல கைய ஊணிக்கங்க, கேமராவுல நடுக்கம் தணிக்கிற வசதி எவ்ளோ நல்லா இருந்தாலும் 960ல அப்படி ஊணிக்கறது உதவும்.

---

> ஆப்டிகல் ஜூம் = வில்லை அணுக்கம்

தம்பி, ரெண்டையும் பிரிச்சது நல்லது. வில்லை, குவியத்தூரம் எல்லாம் நாங்கள் யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூடத்திலயே படிச்ச சொல்லுகள்தான், ஒருத்தருக்கும் புதுசா இராது. ஆனா அணுக்கம் எண்டதை அக்சஸ் எண்டதுக்கு ஏற்கெனவே பாவிக்கினம், "திறந்த அணுக்கம்" எண்டு நூலகக்காரர் நிறைய எழுதீட்டினம். அண்மிப்பு எண்டு வைச்சால் என்ன? வில்லை அண்மிப்பு. அண்மி எண்டு வினையும் வரும்.

---

அக்கா, அண்மிப்பு நல்லா இருக்கு, நான் அதுக்கே ஓட்டு போடறேன், "அண்மித்து எடுத்த படம்"னு எழுதிப் பாத்தேன், உறுத்தல. எக்ஸ் எண்ணுக்கு "அண்மிப்பு விகிதம்"னு வச்சுக்கலாம், ஆனா அகராதியில அதுக்குப் பக்கத்துலயே ரெண்டு முனையோட குவியத் தொலைவையும் எடுத்துக்காட்டா போடணும், 24–960ன்னு. வெட்டுப்பெருக்கத்துக்கு இன்னும் யாரும் மறுப்பு சொல்லல, ஐயா நீங்க என்ன நினைக்கிறீங்க?