மந்திரம் செய்பவர்களுக்குத் தரமும் சான்றிதழும்: எதை வைத்துப் பிரிப்பது?

வைகைக்கரை எழுதியது:

நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கற்பனை உலகம், ஆனால் ஊரின் அமைப்பை எங்கள் மதுரையிலிருந்து எடுத்துக்கொண்டேன். நடுவில் ஒரு கோட்டம். அதைச் சுற்றி நம் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகளைப் போல ஐந்து சதுர வீதிகள். அங்கே மந்திரம் என்றால் ஒன்றுதான்: நிலத்தடி நீரை மேலே அழைப்பது. ஒவ்வொரு வீதியிலும் ஒரு தரத்தார் குடியிருக்கிறார்கள். வெளியிலிருந்து உள்ளே போகப் போக கையாள், ஊற்றழைப்பார், கரைகாப்பார், ஆழ்நீரார், மூலவர்.

10 அடி ஆழத்து நீரை அழைத்துக் காட்டினால் ஊற்றழைப்பார் சான்றிதழ். 100 அடி என்றால் கரைகாப்பார். இப்படியே மேலே போகும்.

முதல் ஐந்து அத்தியாயங்களைப் படித்த என் அக்கா இரண்டு கேள்வி கேட்டாள். எந்தச் சான்றிதழும் இல்லாத ஒரு கிராமத்துப் பெண் 300 அடியிலிருந்து நீர் அழைத்துவிட்டால் அவளை என்ன செய்வார்கள்? சான்றிதழ் இருப்பவர் செய்யக்கூடியது, இல்லாதவர் செய்யக்கூடாதது என்று அங்கே என்னதான் இருக்கிறது? எனக்குப் பதில் வரவில்லை. கதை எழுதுபவர்களும் சொல்லுங்கள், லைசென்ஸ் வைத்துத் தொழில் செய்பவர்களும் சொல்லுங்கள்.

கல்யானை எழுதியது:

ஐந்து எதற்கு? அட்டமா சித்தி இருக்கிறதே. அணிமா, மகிமா, லகிமா என்று எட்டுப் படிகளும் தயாராக இருக்கின்றன. அப்படியே வைத்துவிடலாம்.

பழைய_ஏடு எழுதியது:

எட்டும் எட்டு விதமான வல்லமைகள், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும் படிகள் அல்ல. பாடப்பிரிவுகளாக வைத்தால் பொருந்தும். ஆனால் திருவிளையாடல் புராணத்தில் சிவன் அந்தச் சித்திகளை உபதேசித்த கதையில் தம்பிக்கு வேண்டிய வேறொன்று இருக்கிறது. கார்த்திகைப் பெண்கள் கவனிக்காமல் இருந்துவிட்டதால், பட்டமங்கலத்தில் ஆலமரத்தடியில் ஆயிரம் ஆண்டு பாறைகளாகக் கிடந்தார்கள். பாடத்தைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். உங்கள் உலகத்தில் தேர்வில் தவறுகிறவருக்கு ஒன்றுமே ஆவதில்லை.

லைன்மேன்_வாடிப்பட்டி எழுதியது:

தம்பி, நான் கதை எழுதியவன் இல்லை. மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். உங்கள் அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி.

எத்தனை அடியிலிருந்து எடுக்கிறான் என்று பார்த்துத் தரம் பிரிக்காதீர்கள். அவன் கை தவறினால் யாருக்கு ஆபத்து என்று பார்த்துப் பிரியுங்கள். டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம் 433 வோல்ட், அந்தப் பக்கம் 11,000 அல்லது 22,000. கம்பத்தில் ஏறுகிறவன் தன் உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறான். சப்ஸ்டேஷனில் உட்கார்ந்து பிரேக்கர் போட்டு லைனுக்குச் சப்ளை கொடுக்கிற ஆபரேட்டர் ஒரு கம்பமும் ஏறுவதில்லை, ஆனால் ஏறியிருக்கிற அத்தனை பேர் உயிரும் அவர் விரலில் இருக்கிறது. உங்கள் கரைகாப்பார் அந்த ஆபரேட்டர் மாதிரி இருக்க வேண்டும். அவருக்கு 100 அடி நீர் வரவேண்டிய அவசியமே இல்லை.

லைன் கிளியர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு லைனில் வேலை பார்க்கப் போகிறவர் சப்ளையை நிறுத்தச் சொல்லி, தன் பெயரில் லைன் கிளியர் வாங்குவார். அது பதிவேட்டில் ஏறும். வேலை முடிந்து, ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று பார்த்து, வாங்கியவரே திருப்பிக் கொடுத்த பிறகுதான் மறுபடி சப்ளை போடலாம். இடையில் யார் போன் செய்தாலும் போடக்கூடாது. ஊரே இருட்டில் கிடக்கிறது, சாமி புறப்பாடு நிற்கிறது என்றாலும் போடக்கூடாது. நான் இருந்த காலத்தில் திருவிழா நாளில் இந்த நெருக்கடி வராத வருஷம் கிடையாது.

இதை உங்கள் ஊருக்குக் கொண்டுபோங்கள். கையாள் பெண் ஒருத்தி கிணற்றுக்குள் இறங்கி ஊற்றுக்கண்ணைச் சரிசெய்கிறாள். ஆழ்நீரை நிறுத்திய கட்டு அவள் பெயரில் இருக்கிறது. மேலே மூலவரே வந்து நிற்கிறார், விழாவுக்கு நீர் வேண்டும் என்கிறார். அவளாக வந்து விடுவிக்கிற வரைக்கும் அவர் நீரை அழைக்க முடியாது. ஐந்தாம் வீதிக்காரியின் சொல் அந்த ஒரு மணி நேரம் முதல் வீதிக்காரருக்கு மேலே நிற்கும். சான்றிதழ் இருந்தால்தான் ஒருவர் பெயரில் கட்டுப் போடலாம் என்று வையுங்கள். அக்காவின் இரண்டாவது கேள்விக்கு இதுதான் என் பதில்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் லைனை நிறுத்திவிட்டு அப்படியே கை வைப்பதில்லை. வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு போடுவோம், அதாவது லைனைத் தரையோடு இணைக்கிற கம்பி. ஏனென்றால் ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரை முறையாக மாற்றுச் சுவிட்ச் வைக்காமல் இணைத்திருப்பார்கள். கரண்ட் போனதும் அதைப் போடுவார்கள். அது சர்வீஸ் வயர் வழியாகத் திரும்பி வந்து, டிரான்ஸ்பார்மரில் ஏறி, செத்துக்கிடக்கும் லைனை உயிர்ப்பித்துவிடும். ரிட்டர்ன் கரண்ட் என்போம். அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கம்பத்தில் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது, அவர் வீட்டில் ஜெனரேட்டர் இருப்பது எங்களுக்குத் தெரியாது.

உங்கள் கிராமத்துப் பெண் அந்த வீட்டுக்காரர்தான். திறமையில் அவள் யாருக்கும் குறைந்தவள் இல்லை. அவள் 300 அடியிலிருந்து இழுக்கும்போது, அதே நீரோட்டத்தில் எங்கோ ஒரு கிணற்றுக்குள் யாரோ நிற்கிறார்கள். பதிவேட்டில் அவள் பெயர் இல்லாததால் அவளுக்குச் சொல்லி அனுப்ப ஆள் இல்லை. ஆகவே அவளைத் தண்டிக்காதீர்கள், பெயரைப் பதியச் சொல்லுங்கள். கையில் பழகி வந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கட்டும். நம் மாநிலத்தில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு அப்படித்தான்: 21 வயது நிரம்பி, வயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவம் இருந்தால் எழுதலாம்.

சிவகாசி_ரோடு எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கம் பட்டாசு ஆலை உரிமத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் தருவது, மத்திய வெடிபொருள் துறையின் சென்னை அலுவலகம் தரும் சென்னை உரிமம், நாக்பூர் அலுவலகம் தரும் நாக்பூர் உரிமம் என்று உண்டு. எவ்வளவு மருந்து கையாளலாம் என்பதைப் பொறுத்து அது மாறும். அதற்கு மேலே, ஒவ்வொரு அறைக்கும் தனிக் கணக்கு. எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று அறைக்கு அறை வரம்பு உண்டு. ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அறை தாங்குவதற்கு மேல் கூடாது. கலந்த மணிமருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கவும் கூடாது, தானாகச் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். விபத்துச் செய்தியில் திரும்பத் திரும்ப வருவது உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், வேலை நடத்துவது வேறொருவர். உங்கள் நாவலில் சான்றிதழை வாடகைக்கு விடுகிற ஓர் ஆழ்நீரார் கட்டாயம் இருக்க வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வாடிப்பட்டி ஐயா, கிணற்றுக் காட்சியை நேற்று இரவே எழுத உட்கார்ந்துவிட்டேன். அடி அளவுகளை எடுத்துவிட்டேன். ஆனால் இப்போது மேல் இரண்டு தரங்களுக்கும் என்ன தகுதி வைப்பது என்று தெரியவில்லை. அதோடு, அந்தப் பெண்ணுக்குத் தேர்வில் என்ன கேட்பார்கள்?

பழைய_ஏடு எழுதியது:

மேல் தரத்துக்கு, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதிலிருந்து தொடங்குங்கள். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அதைத்தான் செய்கிறது. 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, முன்பு வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவரை விலக்குகிறது. அவரோடு அவர் உறவினரையும் சேர்த்து விலக்குகிறது. மூலவரின் மகனுக்கு ஏன் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று ஓர் அத்தியாயமே எழுதலாம்.

சான்றிதழைத் தாளாகக் கொடுக்காதீர்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறிப் பெற்ற தலைக்கோல், தோற்ற மன்னனின் வெண்கொற்றக் குடைக்காம்பால் செய்வது. ஒருவர் கையில் இருப்பதைப் பார்த்தாலே அவர் யார் என்று அவை முழுவதற்கும் தெரியும். உங்கள் ஊரில் வற்றிப்போன கிணற்றின் ஏற்ற மரத்திலிருந்து ஒரு கோல் வெட்டிக் கொடுக்கலாம்.

லைன்மேன்_வாடிப்பட்டி எழுதியது:

கோல் நன்றாக இருக்கிறது. கட்டுப் போட்டதும் அந்தக் கோலைக் கிணற்று மேட்டில் நட்டுவிட்டு இறங்கட்டும். அது நிற்கிற வரைக்கும் நீரை அழைக்கக்கூடாது என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்.

தேர்வு பற்றிக் கேட்டீர்கள். கம்பம் ஏறுவதையும் முடிச்சுப் போடுவதையும் யாரும் பழகிக்கொள்ளலாம். புதிதாக வரும் பையன்களிடம் நான் பார்த்தது வேறு. லைன் ஆஃப் என்று நானே சொல்லி அனுப்புவேன். அப்படியும் சோதித்துப் பார்த்து எர்த் ராடு போட்ட பிறகு கை வைக்கிறானா, இல்லை என் பேச்சை நம்பிக் கை வைக்கப் போகிறானா என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பேன். உங்கள் தேர்வாளரும் அந்தப் பெண்ணிடம், கிணறு வற்றிவிட்டது, இறங்கு என்று சொல்லட்டும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்துவிட்டு இறங்கினால் அவளுக்குக் கோல். பார்க்காமல் படியில் கால் வைத்தால், 300 அடி நீர் அழைப்பவளானாலும் மேலே கூப்பிட்டு, அடுத்த ஆண்டு வரச் சொல்லுங்கள்.