பிளாக்பூலில் நின்றுபோன சத்தம்

குழு: ஆலமரத்து வீடு
ஞாயிற்றுக்கிழமை

தம்பி (காலை 9.14): மாமா, இந்த வீடியோவைப் பாருங்கள். காரின் முன்பக்கம் முழுக்கக் கத்தியால் கீறியதுபோலத் துளைகள். டிவிஆர் சகாரிஸ் என்று பெயர் போட்டிருக்கிறது. இங்கிலாந்தில் பிளாக்பூலில் செய்ததாம். நீங்கள் முதலில் இருந்த ஊர்தானே?

பெரியப்பா (9.20): டிவிஎஸ்ஸா? அவர்கள் எப்போது கார் செய்தார்கள்?

தம்பி (9.20): டிவிஎஸ் இல்லை பெரியப்பா, டிவிஆர்.

மாமா (9.41): இப்போதுதான் எழுந்தேன், இங்கே விடிந்தும் விடியாத நேரம். அத்தான், டிவிஎஸ்ஸில் இருப்பது சுந்தரம் ஐயங்கார் பெயர். டிவிஆரில் இருப்பது டிரெவர் வில்கின்சன் பெயர். டிரெவர் என்பதை ஆங்கிலத்தில் எழுதி, அதிலிருந்து டி, வி, ஆர் என்ற மூன்று எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். 1940களின் பிற்பகுதியில் பிளாக்பூலில் சின்னப் பட்டறையாகத் தொடங்கியது.

மாமா (9.43): நாங்கள் பிஸ்பம் பகுதியில் குடியிருந்தோம். தொழிற்சாலை பிரிஸ்டல் அவென்யூவில், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். புதிதாகச் செய்த வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்காக வெளியே எடுப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் உன் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவாள். அவளுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தச் சத்தம் பிடிக்கும்.

சித்தி (9.50): அண்ணா, நாங்கள் 2005இல் வந்தபோது டிராமில் போகையில் மஞ்சளும் பச்சையுமாக நிறம் மாறுகிற கார் ஒன்றைக் காட்டினீர்களே, அதுவா?

மாமா (9.52): அதேதான்! நிற்கிற இடத்துக்கு ஏற்ப நிறம் மாறித் தெரியும். அந்தப் பூச்சுக்கு டிவிஆர் பேர் போனது.

தம்பி (9.53): இப்போது அந்தக் கம்பெனி எங்கே? தேடினால் பழைய வண்டிதான் வருகிறது.

மாமா (10.15): டைப் செய்து முடியாது, குரலில் சொல்லி எழுத்தாக மாற்றுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1981இல் பீட்டர் வீலர் என்பவர் நிறுவனத்தை வாங்கினார். கெமிக்கல் இன்ஜினியர். வடகடல் எண்ணெய்த் தொழிலுக்குக் கருவிகள் விற்றுச் சம்பாதித்தவர். அவரும் ஒரு டிவிஆர் வாடிக்கையாளர்தான், கார் பிடித்துப்போய் கம்பெனியையே வாங்கிவிட்டார். அவருடைய காலம்தான் பொற்காலம். கிரிஃபித், கிமேரா, செர்பெரா, டஸ்கன் எல்லாம் அப்போது வந்தவை. உடல் முழுக்க ஃபைபர் கிளாஸ், உள்ளே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகம். கடைசியில் எஞ்சினையும் சொந்தமாகவே செய்தார்கள். ஏர்பேக் கிடையாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் பிரேக்கும் கிடையாது. அதெல்லாம் இருந்தால் ஓட்டுகிறவர் கவனம் குறையும் என்பது வீலரின் நம்பிக்கை. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. விபத்தில் அடிபட்டு வருகிறவர்களை எக்ஸ்ரே எடுக்கிற வேலை என்னுடையது.

வீலருக்கு நெட் என்று ஒரு நாய். கிமேராவின் ஃபோம் மாதிரியை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது அது முன்பக்கத்தில் ஒரு துண்டைக் கடித்துவிட்டதாம். அந்தப் பள்ளம் பார்க்க நன்றாக இருக்கிறது என்று அதிலேயே இண்டிகேட்டர் விளக்கை வைத்துவிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

அக்கா (10.18): அந்த நாய் எவ்வளவு செல்லமாக வளர்ந்திருக்கும்!

மாமா (10.31): எதிர் வீட்டுத் தாத்தா அங்கே ஃபைபர் கிளாஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து, பிசினைத் தடவி, உருளையை உருட்டி உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நாள் தன் தோட்டத்தில் செய்தே காட்டினார். குமிழி இருந்தால் கைக்கே தெரியும், கண்ணுக்குத் தெரியாது என்றார். அதை ஒரு புத்தகத்தில் எழுதி வேறு ஊருக்கு அனுப்ப முடியாது. அதைத்தான் நான் சொல்ல வந்தேன், சுற்றிச் சுற்றிப் போகிறேன்.

2004 ஜூலையில் வீலர் நிறுவனத்தை நிக்கோலாய் ஸ்மோலென்ஸ்கி என்ற ரஷ்ய இளைஞருக்கு விற்றார். வயது 24. அப்பா பெரிய வங்கிக்காரர். 2006 ஏப்ரலில் விற்பனை குறைந்துவிட்டது என்று ஆட்குறைப்பு. பிரிஸ்டல் அவென்யூ குத்தகை முடிகிறது, பிளாக்பூலிலேயே ஸ்கொயர்ஸ் கேட்டுக்கு மாறுகிறோம் என்றார்கள். சரி, ஊரை விட்டுப் போகவில்லையே என்று ஆறுதலாக இருந்தது.

அக்டோபரில் செய்தி வந்தது. அது கடற்கரை முழுக்க விளக்கு போடுகிற பருவம், ஊரே வெளிச்சமாக இருக்கும். இனி காரின் உடலும் இறுதிக் கோர்ப்பும் இத்தாலியில், டூரினில், மற்ற கம்பெனிகளுக்குக் கார் வடிவமைத்துச் செய்து கொடுக்கிற பெர்டோனே நிறுவனத்தில்; எஞ்சின் மட்டும் பிரிட்டனில். அவ்வளவுதான். சுமார் 260 பேர் வேலை.

அக்கா (10.40): மாமா, ஒரு விஷயம். நிர்வாகத்தில் இருக்கிறவள் என்பதால் கேட்கிறேன். வாரத்துக்கு மூன்று, நான்கு கார் விற்றால் எந்த முதலாளியால் நடத்த முடியும்? டூரினில் செலவு குறைந்து தரமும் கூடும் என்றால் மாற்றத்தானே செய்வார்? பெர்டோனே சாதாரண இடமும் இல்லை.

மாமா (10.52): நியாயமான கேள்விம்மா. விற்பனை விழுந்தது உண்மை. சொந்த எஞ்சினில் பழுது வருகிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் சொன்னதும் உண்மை. அதே பணத்துக்குப் போர்ஷே கிடைக்கும்போது எத்தனை பேர் பொறுத்துக்கொள்வார்கள்? பெர்டோனே தொழிலாளர்களைப் பற்றியும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் டூரினில் ஒரு கார்கூட உருவாகும் முன்பே பிளாக்பூலில் கதவு மூடிவிட்டது. டிசம்பரில் நிறுவனத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். பெயரும் உரிமையும் ஒரு பக்கம், உதிரிபாகத் தொழில் ஒரு பக்கம், தொழிற்சாலை ஒரு பக்கம். தொழிற்சாலை இருந்த துண்டு கிறிஸ்துமஸுக்கு முன்பே திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. பெர்டோனேவில் கடைசிவரை ஒரு டிவிஆர்கூடச் செய்யவில்லை. அடுத்த ஆண்டு முடிவதற்குள் பெர்டோனேவே கடன் நெருக்கடியில் விழுந்தது.

தம்பி (10.53): ஒன்றுகூடவா?

மாமா (10.54): ஒன்றுகூட இல்லை.

மாமா (10.58): நவம்பர் 26 அன்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் டிவிஆர் வைத்திருந்தவர்கள் லண்டனுக்கு வண்டியை ஓட்டிவந்து ஊர்வலம் போனார்கள். 'லண்டன் தண்டர்' என்று பெயர் வைத்தார்கள். பிரிட்டனிலேயே செய்யுங்கள் என்பதுதான் கோரிக்கை. காரை வாங்கியவர்கள் அதைச் செய்தவர்களுக்காகத் தெருவுக்கு வந்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சித்தி (11.02): டிவிஆர் என்று பெயர் வைத்த வில்கின்சன் இதையெல்லாம் பார்த்தாரா அண்ணா?

மாமா (11.05): பார்த்தார். 2008 ஜூனில் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் வீலரும் போய்விட்டார்.

பெரியப்பா (11.20): மாப்பிள்ளை, எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நான் சோறு தின்றதே இங்கிலாந்துக்காரன் தொழில் இங்கே வந்ததால்தானே? 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்துதானே திருவொற்றியூர் தொழிற்சாலை வந்தது? இடம் மாறுவதே தப்பு என்று நான் எப்படிச் சொல்வது?

மாமா (11.26): தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன் அத்தான். உங்கள் தொழிற்சாலைக்கு அது எப்படி வந்தது என்று நீங்களே சொல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது.

பெரியப்பா (11.48): நான் சேர்ந்தது எழுபதுகளில். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த பெரியவர்கள் சொல்லிக் கேட்டது இது. முதலில் பாகங்கள் எல்லாம் கப்பலில் வரும், இங்கே கோர்ப்பதோடு சரி. அப்புறம் அச்சுகளும் கருவிகளும் வந்தன. ஒவ்வொரு பாகமாக இங்கே செய்யப் பழகி, அறுபதுகளின் தொடக்கத்தில் முழு புல்லட்டும் இங்கேயே ஆனது. அதற்குச் சில ஆண்டுகள் பிடித்தது. நடுவில் எத்தனை பாகம் கெட்டிருக்கும், எத்தனை திட்டு வாங்கியிருப்பார்கள்! டேங்கில் கோடு போடுவது மட்டும் கடைசிவரை தூரிகையால் கையாலேயே. பக்கத்தில் வருடக்கணக்கில் நின்று பார்த்தால்தான் அந்தக் கை வரும். 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. இங்கே நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டி அனுப்பினோம். அந்தப் பெட்டிகளில் ஆணி அடித்தவர்களில் நானும் ஒருவன்.

தம்பி (11.49): பெரியப்பா, இதை ஏன் எங்களிடம் சொன்னதே இல்லை?

பெரியப்பா (11.51): நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாமா (11.55): பார்த்தாயா அக்கா மகளே, செலவுக் கணக்கைத் தாண்டி நான் சொல்ல நினைத்தது இதைத்தான். அங்கே மூடும் முன்பே இங்கே பழகிவிட்டார்கள். பிளாக்பூலில் அறிவிப்புக்கும் மூடலுக்கும் நடுவில் இரண்டு மாதம். அதற்குள் யார் யாருக்குச் சொல்லிக் கொடுப்பது?

அக்கா (12.03): புரிகிறது மாமா. அப்படியானால் லோட்டஸ் கார் கம்பெனி? அதுவும் சீனாவுக்குப் போகிறது என்று படித்தேன்.

மாமா (12.14): அதை நினைத்தால்தான் இப்போது பயம். நார்ஃபோக்கில் ஹெத்தெல் என்ற இடம், போர்க்கால விமானத்தளம். 1966 முதல் அங்கே இருக்கிறார்கள். 2017இல் சீனாவின் ஜீலி கார் நிறுவனம் பெரும்பங்கை வாங்கியது. எலெட்ரே என்ற மின்சார வண்டி வூஹானில் உருவாகிறது, பெட்ரோல் வண்டியான எமிரா ஹெத்தெலில். 2025 ஆகஸ்டில் பிரிட்டனில் 550 பேர் வரை குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். மூட மாட்டோம் என்கிறார்கள். அது அப்படியே இருக்க வேண்டும்.

எல்லாமே கெட்ட செய்தி இல்லை. மோர்கன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் பெரும்பங்கு 2019இல் இத்தாலிய முதலீட்டாளர்களிடம் போனது. ஆனாலும் தன் ஊரான மால்வெர்னை விட்டு நகரவில்லை. இன்னும் ஆஷ் மரத்தில் காரின் உடலுக்குச் சட்டகம் செய்கிறார்கள்.

தம்பி (12.16): டிவிஆர் திரும்ப வருமா மாமா?

மாமா (12.22): 2013இல் லெஸ் எட்கர் என்பவர் தலைமையில் சிலர் சேர்ந்து பெயரை வாங்கினார்கள். 2017இல் குட்வுட் கார் விழாவில் புதிய கிரிஃபித்தைக் காட்டினார்கள், வடிவமைப்பில் பந்தயக் கார் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரேவின் பங்கு உண்டு. வேல்ஸில் எப்வ் வேலில் தொழிற்சாலை என்றார்கள், வேல்ஸ் அரசும் பங்கு எடுத்தது. முன்பணம் கட்டியவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். வரட்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் அந்தக் கைகள் எல்லாம் வேறு வேலைக்குப் போய் இருபது வருடம் ஆகப்போகிறது.

பெரியப்பா (12.40): மாப்பிள்ளை, ஒன்று கேட்கட்டுமா? எங்கள் பட்டறையில் இங்கிலாந்திலிருந்து வந்த பழைய மெஷின்கள் சில இருந்தன. அதில் எனக்கு முன்னால் நின்று வேலை பார்த்தவர் யார், அவர் அப்புறம் என்ன ஆனார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ரெட்டிச் உன் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்?

மாமா (12.44): காரில் இரண்டரை மணி நேரம் இருக்கும் அத்தான். நீங்கள் வரும்போது கூட்டிப்போகிறேன்.

பெரியப்பா (12.45): சரி. முட்டி வலி கொஞ்சம் குறையட்டும்.