கறுப்பினக் கலைஞர்களுக்குத் தனிப் போட்டி எதற்கு?

சுவரொட்டி: இன்னொரு விவாத இழையில் நேர்நிலை எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை, அதான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அமெரிக்காவில் கறுப்பின ஓவியர்களுக்கென்று தனியாகப் போட்டியும் கண்காட்சியும் வைப்பது "சலுகை"யாம். "திறமை இருந்தால் பொதுப் போட்டியிலேயே ஜெயிக்கலாமே, லோயிஸ் மைலூ ஜோன்ஸ் என்ற கறுப்பின ஓவியர் 1941இல் ஜெயிக்கவில்லையா" என்று கேட்கிறார். ஐயா, எப்படி ஜெயித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாஷிங்டன் கார்கரன் கலைக்கூடப் போட்டியில் அப்போது கறுப்பர்கள் கலந்துகொள்ள முடியாது. அதனால் செலின் தபாரி என்ற வெள்ளைக்காரத் தோழி மூலமாகப் படத்தை அனுப்பினார். பரிசு கிடைத்தது. அந்தக் கலைக்கூடம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது 1994இல். 53 வருஷம் கழித்து!

நேர்நிலை: நீங்களே ஒத்துக்கொண்டீர்கள், நன்றி. படம் ஜெயித்தது. நடுவர்களுக்கு ஓவியரின் நிறம் தெரியாது, படம் மட்டும்தான் தெரியும். இதைத்தானே நானும் சொல்கிறேன்? பெயரை மறைத்துப் போட்டி வையுங்கள், போதும். தனிப் பந்தி எதற்கு?

சுவரொட்டி: படம் யார் கையில் போனது?

நேர்நிலை: யார் கையில் போனால் என்ன? படம் ஜெயித்ததா இல்லையா?

பழைய பேப்பர்: இரண்டு பேருமே முதலில் "சலுகை" என்றால் என்ன, "பொதுப் போட்டி" என்றால் என்ன என்று வரையறுத்துக்கொண்டு பேசினால் நன்றாக இருக்கும்.

சுவரொட்டி: நேர்நிலை, "தனிப் பந்தி" என்ற வார்த்தையை ரொம்ப லேசாகப் போடுகிறீர்கள். தனிப் பந்தியில் உட்கார வைத்தது யார்? தென் மாநிலங்களில் நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த நேரத்தில், 1942இல் ஹேல் உட்ரஃப் என்ற கறுப்பின ஓவியர் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் கறுப்பினக் கலைஞர்களுக்கான வருடாந்தரப் போட்டியைத் தொடங்கினார். எலிசபெத் கேட்லெட், சார்லஸ் வைட், ஜான் பிக்கர்ஸ் எல்லாரும் அங்கே படம் வைத்தவர்கள். பரிசுப் படங்களைப் பல்கலைக்கழகமே விலை கொடுத்து வாங்கியது. 1970 வரை நடந்தது. அந்தப் படங்கள் இன்றைக்கு கிளார்க் அட்லாண்டா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உட்ரஃப் அன்றைக்கு வாங்கி வைக்காமல் விட்டிருந்தால் அதில் எத்தனை படம் பரணில் கிடந்து செல்லரித்திருக்கும்?

நேர்நிலை: பெயர்ப் பட்டியல் போட்டு மிரட்ட வேண்டாம். எனக்கும் தெரியும். ரொமேர் பியர்டனே 1934இல் ஹார்மன் அறக்கட்டளைக் கண்காட்சிகளைக் கண்டித்து எழுதினார். கறுப்பர்களுக்கென்றே வெள்ளையர்கள் பணத்தில் நடந்த தனிக் கண்காட்சிகள் அவை. தனியாக வைத்துத் தட்டிக்கொடுப்பதால் தரம் கெடுகிறது என்று சொன்னவர் ஒரு கறுப்பின ஓவியர். அவரும் தப்பா?

சுவரொட்டி: பாதிக் கதை சொல்வதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. அதே பியர்டன் 1969இல் நார்மன் லூயிஸ், எர்னஸ்ட் கிரிச்லோ இரண்டு பேரோடும் சேர்ந்து நியூயார்க்கில் சிங்க் கேலரி தொடங்கினார். யாருக்காக? வேறெங்கும் இடம் கிடைக்காத சிறுபான்மை இளம் கலைஞர்களுக்காக. அவர் கோபம் தனியாக நடத்துவதன் மேல் இல்லை, பரிதாபப்பட்டு மார்க் போடுவதன் மேல்தான்.

குன்றிமணி: இடையில் ஒன்று. தலைப்பில் "கறுப்பின" சரி. ஆனால் போன இழையில் நேர்நிலை "கருப்பின" என்றே எழுதியிருந்தார். கருப்பு என்றால் பஞ்சம். நிறத்துக்கு வல்லின றகரம்தான் வேண்டும்.

நேர்நிலை: ஊரே கருப்பு என்றுதான் எழுதுகிறது. கருமையிலிருந்து வருவது கருப்பு.

குன்றிமணி: ஊர் எழுதுவதெல்லாம் சரியா? தொல்காப்பியத்தைப் பாருங்கள். கறுப்பும் சிவப்பும் கோபத்தைக் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் என்று இருக்கிறது. றகரம்தான்.

நேர்நிலை: வான்கோ இழையிலும் இப்படித்தான். நான் வாதத்தில் ஜெயிக்கும் நேரம் பார்த்து ஒற்றுப்பிழையோடு வந்து நின்றீர்கள். மறக்கவில்லை.

குன்றிமணி: அந்த இழையில் ஜெயித்தது நீங்களா! நல்லது.

சுவரொட்டி: றகரத்தை அப்புறம் பார்க்கலாம் சார். நான் சிகாகோவில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். சவுத் மிச்சிகன் அவென்யூவில் 3831ஆம் எண் வீடு, கறுப்பினக் கலைஞர்களுக்கான சவுத் சைடு சமூகக் கலை மையம். 1940இல் திறந்தது. அதற்காக மார்கரெட் பரோஸ் என்ற கறுப்பின ஓவியர் தன் இருபது சொச்சம் வயதில் தெருமுனையில் உண்டியலோடு நின்று பத்து சென்ட் காசாக வசூலித்தார். உள்ளே போனால் மரப்பலகைச் சுவர் முழுக்க ஆணி அடித்த ஓட்டைகள். எண்பது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு கண்காட்சிக்கும் அடித்துப் பிடுங்கிய ஆணிகள். நான் விரலை வைத்துப் பார்த்தேன். சலுகையாம்!

அதே ஊர் அறிவியல் தொழில்துறை அருங்காட்சியகத்தில் 1970இலிருந்து கறுப்பினக் கலைஞர்களின் கண்காட்சி நடக்கிறது. நடுவர்கள் பார்த்துத்தான் படம் தேர்வு ஆகும். பள்ளிப் பிள்ளைகளும் அனுப்பலாம். ஒரு தடவை ஒரு பெண் தன் பாட்டி தலையில் மஞ்சள் துணி கட்டி உட்கார்ந்திருப்பதை வரைந்திருந்தாள். அந்தப் பாட்டியே அதே துணியைக் கட்டிக்கொண்டு வந்து படத்துக்குப் பக்கத்தில் நின்றார். யாரும் படம் எடுக்கச் சொல்லவில்லை, சும்மா நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நேர்நிலை: பாட்டி கதையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வாதம் எங்கே? 1941இல் படம் ஜெயித்ததா இல்லையா?

சுவரொட்டி: யார் கையில் போனது?

பழைய பேப்பர்: வரையறை கேட்டிருந்தேன்.

சுவரொட்டி: நேர்நிலை, இதையாவது யோசியுங்கள். 1930லிருந்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் லோயிஸ் ஜோன்ஸ். அதே வாஷிங்டன். தான் வரைந்ததைத் தான் கொண்டுபோய்க் கொடுக்க முடியாத ஊரில் இருந்துகொண்டு, காலையில் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடம் "நீங்களும் வரையுங்கள்" என்று சொல்லியிருப்பார். பெயரை மறைத்தால் போதும் என்கிறீர்களே, அவர் மறைக்கத்தானே செய்தார்? அது போதவில்லை என்பதால்தானே அடுத்த வருஷமே அட்லாண்டாவில் உட்ரஃப் கதவைத் திறந்தார்?

நேர்நிலை: அட்லாண்டா அதனால்தான் தொடங்கியது என்று உங்களிடம் யார் சொன்னது? உங்கள் இஷ்டத்துக்கு முடிச்சுப் போடாதீர்கள்.

சுவரொட்டி: சரி, அந்த "அதனால்தான்" ஒன்றை எடுத்துவிடுகிறேன். மற்றதற்கு?

குன்றிமணி: "கருப்பின" இன்னும் திருத்தப்படவில்லை.

நேர்நிலை: திருத்த மாட்டேன். சுவரொட்டி, கடைசியாகக் கேட்கிறேன். படம் ஜெயித்ததா?

சுவரொட்டி: ஜெயித்தது. யார் கையில் போனது?

நேர்நிலை: ஜெயித்தது, அல்லவா.